கழுவிய கிண்ணம்

பத்து ஐம்பதுக்கு ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாங்கள் பதினேழு. நடுவில் ஏழு வழக்கு. ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தாலும் நாற்பத்திரண்டு நிமிடம், அதற்குள் மகள் பிலோமினாவிடம் சொல்லிவிட வேண்டும், சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது, புளியிலிருந்தா, அந்தக் கையுறையிலிருந்தா. மடியில் எவர்சில்வர் சம்படம். அதன் மூடியைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி நாலு சுற்று, நான்தான் ஒட்டினேன், ஓரம் பிசகாமல். உள்ளே இரண்டு சாமான், ஒரு கிண்ணம், ஒரு குண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் என் இடது இடுப்பில் வைத்தார்கள், இருபது வருடம் உழைக்கும் என்றார்கள், ஆறு வருடத்தில் வெட்டி எடுத்தார்கள். எடுத்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கு நுகர்வோர் ஆணையத்தின் தலைவர் முன்னால் இந்தப் பிளாஸ்திரியை வெட்டித் திறப்பார்கள், கிண்ணம் செய்த கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து ஒரு நிபுணரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதோ தூண் ஓரம் கறுப்புப் பெட்டியோடு நிற்கிறார், சின்ன வயது, ஷூவில் ஒரு தூசி இல்லை. கிண்ணத்தின் மேல் படிந்த கறையைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் வக்கீலம்மா மனுப் போட்டிருக்கிறார். கறை. அந்தக் கறை இல்லை. அது போய்விட்டது என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். "என்னப்பா, முகமெல்லாம் வேர்த்துருக்கு, வலிக்குதா?" என்கிறாள் பிலோமினா. இல்லை என்கிறேன். "ஒண்ணுக்குப் போகணுமா?" மெதுவாகச் சொல் அம்மா, பக்கத்தில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறது. "கேட்டாக் கேக்கட்டும், அவுக என்ன போகாமலா இருக்காக?" என்று சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள், பிடித்தே பழகிப்போன கை, நான் எழுந்திருக்காதபோதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

பத்தாம் எண். சத்துணவுக்கூடத்தில் அமைப்பாளர் வேலை அவளுக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு, இதுவரை பதினோரு வாய்தா, இது பன்னிரண்டு. பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்ததும் அவள்தான். வெளிநாட்டில் இந்தக் கம்பெனியின் இடுப்புக் கிண்ணத்தைத் திரும்பப் பெற்றார்களாம், உலோகத்தோடு உலோகம் உரசித் தூளாகி ரத்தத்தில் கலக்கிறதாம். என் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்து எண்ணைச் சரிபார்த்தாள், ஏழு இலக்கம், ஏழும் ஒத்துப்போனது, அன்றைக்கு அவள் அழுதாள், நான் ஏழு இலக்கத்தையும் மறுபடி ஒருதரம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல நாற்பது மடங்கு உலோகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பதிலை வக்கீலம்மா வாசித்துக் காட்டினார்: மனுதாரர் அருளப்பன் நாற்பத்தாறு ஆண்டுகள் வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர், பாரம் தூக்கியவர், பித்தளையும் அலுமினியமும் தேய்த்தவர், உலோகம் அங்கிருந்தே உடம்பில் சேர்ந்திருக்கலாம். பிலோமினாவுக்கு வந்ததே ஒரு கோபம், "அப்ப ஊர்ல பாத்திரம் வெளக்குற பொம்பளைக எல்லாருக்கும் இடுப்பு கழண்டு விழுகணும்ல?" என்றாள், வக்கீலம்மாவே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுச் சொன்னார்: இதுக்குத்தான் அந்தக் கறை வேணும். ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எதையும் சோதனைக்கு அனுப்பவில்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. இந்தக் கிண்ணத்தின் கறைதான் பேசும், இந்த உலோகம்தான் தூளாகி இவர் சதையைத் தின்றது என்று அதுதான் சொல்லும், வேறு வாய் நமக்கு இல்லை. வேறு வாய் இல்லை. இருந்த ஒரு வாயை நான் அலசி ஊற்றிவிட்டேன், மூன்று தண்ணீர், முருங்கை மரத்தடியில்.

பக்கத்துப் பொம்பளை கேட்கிறது, "உங்களுது என்ன கேஸுங்கய்யா? எங்களுது ஃபிரிட்ஜு." எனக்குப் புது ஆளிடம் பேச வராது, பிலோமினா சொல்கிறாள், "இடுப்புங்க." "இடுப்புக்குமா கேஸு போடலாம்?" "வாங்குன சாமான்தானேங்க, உள்ள மாட்டினா என்ன, வெளிய வச்சா என்ன." "வாரண்டி உண்டா?" "ஆளு உள்ளவரைக்கும்னுதான் சொன்னாக, ஆளுக்கு எம்புட்டு நாளுன்னு சொல்லல." அந்தப் பொம்பளை என் மடியைப் பார்க்கிறது. சம்படத்தைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். "யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாகப்பா, கொண்டுபோயி அவுக இடுப்புல மாட்டிக்கவா போறாக" என்று பிலோமினா என் காதில் சொல்கிறாள், நன்றாக இருக்கிறாள் இன்றைக்கு, இன்றைக்குத் திறந்துவிட்டால் பாதி வழக்கு முடிந்த மாதிரி என்று வக்கீலம்மா சொன்னதிலிருந்து முகமே வேறாக இருக்கிறது. பெரிய டாக்டர் சொன்ன மூன்றாவது ஆப்பரேஷன் இதில் வரும் நஷ்டஈட்டை நம்பித்தான். இப்போது உள்ளே இருக்கும் கிண்ணமும் ஆட்டம் கண்டுவிட்டது, பிடிக்கிற சதை அழுகிப்போயிருந்ததால் பிடிக்கவில்லை, மூன்று எட்டுக்கு ஒருதரம் டக்கென்று ஒரு சத்தம், எனக்குக் கேட்கிறது, அவளுக்கும் கேட்கிறது, கேட்காதது போல் இருப்பாள். காலையில் ஆட்டோவிலிருந்து இந்தப் பெஞ்சு வரைக்கும் அறுபத்து மூன்று எட்டு, இருபத்தோரு டக். மூன்றாவதைச் செய்யாவிட்டால் அடுத்த வருடம் நடை இல்லை, கட்டிலும் நாற்காலியும்தான் என்று அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மனைவி போய்ப் பதிமூன்று வருடம். கட்டிலில் கிடந்தால் எனக்கு எல்லாம் செய்ய வேண்டியது பிலோமினா. எல்லாம் என்றால் எல்லாம்.

பதினொன்று. பதினொன்றுக்கு ஆள் வரவில்லை, உடனே பன்னிரண்டு, ஐயோ, ஆறு நிமிடம் போய்விட்டது, கணக்கு தப்புகிறது. அந்தக் கையுறை. ஆப்பரேஷன் முடிந்து ஏழாம் நாள், டிஸ்சார்ஜ் அன்றைக்கு, வார்டுக்காரர் ஒருவர் ஒரு ரப்பர் கையுறையை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "பெரியவரே, உங்க பழைய சாமான், சில பேரு கேப்பாக, வேணும்னா வச்சுக்கங்க, வேணாட்டி போட்டுருங்க." நான் வாங்கிக்கொண்டேன், நாற்பத்தாறு வருடப் பழக்கம், சாமான் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் எண்ணி வாங்கிக்கொள்வேன், இரண்டு உருப்படி. வீட்டுக்கு வந்து நாலாம் நாள், பிலோமினா பள்ளிக்கூடம் போயிருந்தாள், முடிச்சை அவிழ்த்தேன். மை. கறுப்பு மை. ரத்தம் சிவப்பாக இருக்கும் என்றுதானே நினைப்போம், இது இரும்புக்கடைச் சாக்கடை மாதிரி, கறுப்பும் சாம்பலுமாக, பிசுபிசுவென்று, ஒரு நாற்றம், மீன் நாற்றமும் இல்லை, துரு நாற்றமும் இல்லை, அதற்கு என்னிடம் பெயர் இல்லை. கிண்ணத்தின் முதுகில் சொரசொரப்பான இடத்தில் எலும்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. என் எலும்பு. இதெல்லாம் எனக்குள் இருந்ததா. நான் இரண்டு வேளை பல் துலக்கி, தினமும் குளித்து, வேட்டியில் ஒரு பொட்டு படாமல் பூசைக்குப் போய்வந்த ஆறு வருடமும் இந்தச் சாக்கடையைச் சுமந்துகொண்டா போனேன். இதைப் பிலோமினா பார்த்துவிடுவாளே என்றுதான் முதலில் தோன்றியது. அவள் கிண்டலாக ஏதாவது சொல்வாள், நான் சிரிப்பேன், ஆனால் பார்த்திருப்பாள். அவ்வளவுதான். வழக்கு என்ற சொல்லே அன்றைக்கு வீட்டில் இல்லை. வாக்கரை இடது கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன், பதினெட்டு எட்டு, ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போனது, புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டேன், நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்தேன். முதல் தண்ணீர் கறுப்பு. இரண்டாம் தண்ணீர் சாம்பல் நிறம். மூன்றாம் தண்ணீர் தெளிவு. முதுகில் ஒட்டிய துணுக்குகளை ஆணியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன், பதினாறு. துணியால் துடைத்துப் பார்த்தால் பளபளவென்று, குழிக்குள் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதாவே, அதுதான், சந்தோஷமாக இருந்தது. ஆப்பரேஷனுக்கு அப்புறம் ஒரு வேலை முழுசாகச் செய்து முடித்தேன் என்று.

ஒன்பதே நாளில், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள், பேப்பர் பார்த்ததை, வக்கீலைப் பார்த்ததை, "அப்பா, அந்தச் சாமான எங்க வச்சீங்க? தொறக்கவே கூடாதாம், தொடக்கூடாதாம், அதுல இருக்க அழுக்குத்தான் சாட்சியாம்." அப்போது சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம். வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது. மென்று விழுங்குவதற்குள் அவள், "நல்லவேள, எங்கப்பாகிட்ட குடுத்த சாமான் குடுத்தபடி இருக்கும்னு வக்கீலம்மாட்ட சொல்லிட்டேன்" என்றாள். விழுங்கினேன். சோற்றோடு அதையும் விழுங்கினேன். மறுநாள் சம்படத்தில் போட்டுப் பிளாஸ்திரி சுற்றினேன். வக்கீலம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "நீங்களே சீல் வச்சிட்டீங்களா ஐயா, இவ்வளவு ஒழுங்கா யாரும் செய்ய மாட்டாங்க" என்றார். அந்தம்மா கொடுத்த பிரமாணப் பத்திரம் நாலு பக்கம். நான் அஞ்சாங்கிளாஸ்தான், மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் முழுசாகப் படிப்பேன். மூன்றாம் பக்கத்தில், 'மேற்படி பொருட்கள் அகற்றப்பட்ட நிலையிலேயே எவ்வித மாற்றமும் செய்யப்படாமல் மனுதாரர் வசம் உள்ளன' என்று இருந்தது. அந்த வரியிலேயே நின்றேன். "புரியலையா ஐயா?" என்றார். புரியுது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், நாலு பக்கத்துக்கும் நாலு கையெழுத்து, நாலும் ஒரே மாதிரி. மாதம் ஒருதரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், கோபப்பட்டதைச் சொல்கிறேன், ஒரு ஞாயிறு பூசை தவறியதைச் சொல்கிறேன், இதைச் சொல்லவில்லை. கழுவியது பாவமா? கழுவுவது எப்படிப் பாவமாகும்? கையெழுத்து பாவம். ஆனால் கையெழுத்தைச் சொன்னால் கழுவியதைச் சொல்ல வேண்டும், கழுவியதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் என் அழுக்கைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது என்று ஒரு சாமியாரிடம் எப்படிச் சொல்வது. போன வருடம் ஒரு நாள் மத்தியானம் பிளாஸ்திரியைப் பிரித்து, கரிச்சட்டியின் புகைக்கரியையும் நல்லெண்ணெயையும் குழைத்துக் கிண்ணத்தில் பூசிப் பார்த்தேன். தொட்டால் விரலில் வந்தது. பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. நாற்பத்தாறு வருடம் கறை எடுத்தவனுக்கு ஒரு கறை வைக்கத் தெரியவில்லை. மறுபடியும் கழுவினேன், மறுபடியும் மூன்று தண்ணீர், புதுப் பிளாஸ்திரி நாலு சுற்று.

பதிமூன்று போய்விட்டது, பதினாலு உள்ளே இருக்கிறது. இது தெரியாமல் செய்தது என்று யாராவது சொல்வார்கள், படிக்காத கிழவன், பாவம் என்பார்கள், பிலோமினாவேகூடச் சொல்வாள். அதுதான் இல்லை. எனக்குத் தெரியும். யாரைவிடவும் எனக்குத் தெரியும். கடையில் சேர்ந்து ஒன்பதாவது வருடம், ஒரு கல்யாணத்துக்குப் போன பெரிய அண்டா, இருநூறு பேர் பிரியாணி அண்டா, அடி தீய்ந்து, கழுத்தில் ஒரு நசுங்கலோடு திரும்பி வந்தது. நான் எண்ணி இறக்கினேன். அடித்தீய்ச்சலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை, புளி போட்டு ஊறவைத்து, செங்கல் பொடி போட்டு ஒன்றரை மணி நேரம் தேய்த்தேன், தங்கம் மாதிரி ஆக்கிவிட்டு முதலாளி வருவதற்காகக் காத்திருந்தேன். காசிம் ராவுத்தர் வந்தார், பார்த்தார், அடிக்கவில்லை, கத்தவில்லை, அண்டாவுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னார், "அருளு, ஒடசல் நசுங்கலோட வந்தா அந்த மூலைல அப்டியே வைன்னு சொன்னேன்ல. எடுத்துட்டுப் போனவன் வந்து அவன் கண்ணால பாக்கணும்டா. கழுவுற வரைக்கும் அவன் பொறுப்பு. கழுவிட்டா நீ பொறுப்பு." எடுத்துப் போனவர்கள் மறுநாள் வந்து, "கழுத்து நசுங்கல் உங்க ஆளு தேய்க்கும்போது வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு அப்புறம் முப்பத்தேழு வருடம், ஒரு பாத்திரத்தைக்கூட நான் அப்படித் தொட்டதில்லை. மூலையில் வைப்பேன், ஆளைக் கூப்பிடுவேன், காட்டுவேன், அப்புறம்தான் புளி. இன்னொருவன் அழுக்கு என்றால் எனக்கு அவ்வளவு தெளிவு இருந்திருக்கிறது. கழுவிட்டா நீ பொறுப்பு. ராவுத்தர் செத்துப் பத்தொன்பது வருடம், இப்போது அந்தத் தூணோரம் அந்த நிபுணர் தம்பிக்குப் பக்கத்தில் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன். "பிலோமி." "என்னப்பா?" பதினைந்து கூப்பிட்டாகிவிட்டது. "இன்னைக்கு வேணாம்னு வாய்தா கேட்டா குடுப்பாகளா?" "எதுக்கு? பன்னெண்டு தரம் நடந்தாச்சு. அவுக ஆளையே கூட்டியாந்திருக்காக, இன்னைக்குத் தொறந்து மூஞ்சில அப்புவோம், இருங்க." "இல்ல பிலோமி, அதுல..." "அதுல என்ன?" அதில் என்ன. அவள் கண் இரண்டும் என் முகத்தில் இருக்கிறது. சின்ன வயதில் ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு இப்படித்தான் பார்ப்பாள். அதில் ஒன்றும் இல்லை பிலோமி. ஒன்றும் இல்லை என்பதுதான் அதில் இருக்கிறது. "பயமா இருக்காப்பா? நீங்க ஒண்ணும் பேச வேணாம், கேட்டா நான் சொல்றேன்." வக்கீலம்மா வளர்மதி கறுப்பு அங்கியோடு வேகமாக வருகிறார், "ஐயா, வாங்க வாங்க, பதினாறுல சமாதானம் ஆயிட்டாங்க, நம்மதான்." சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆறு நிமிடம், அந்த ஆறு நிமிடத்தில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். எழுந்திருக்கிறேன். பெஞ்சிலிருந்து வாசல் பத்தொன்பது எட்டு. டக் இங்கே, டக் தூணருகே, டக். ஆறு டக், மிச்சம் ஒரு எட்டு, அந்த ஒரு எட்டு வாசற்படி.

மேசை. மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் தலைவர், ஓரத்தில் தட்டச்சு செய்கிற பெண். எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு வணக்கம் சொல்கிறார், மரியாதையான மனிதர், அதுதான் பயம். நிபுணர் தம்பி கையுறை மாட்டிக்கொள்கிறார், அதே மாதிரி ரப்பர் கையுறை. கத்தரி பிளாஸ்திரிக்குள் போகிறது, ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நாலு. மூடி இறுகியிருக்கிறது, என் சம்படம், இடது பக்கம் கொஞ்சம் அழுத்தித் திருக வேண்டும், சொல்ல வாய் வருகிறது, அடக்குகிறேன், அவரே திறந்துவிட்டார். டியூப் லைட் வெளிச்சம் கிண்ணத்தில் விழுந்து கூரையில் ஒரு வட்டமாக ஆடுகிறது. எல்லாரும் கிண்ணத்தைப் பார்க்கிறார்கள், நான் கூரையைப் பார்க்கிறேன். நிபுணர் தம்பி குனிந்து, ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, தன் வக்கீலிடம் ஏதோ சொல்கிறார். அந்த வக்கீல் என் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்கிறார். வக்கீலம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் கையில் இருந்த தாள் மட்டும் தெரிகிறது, மூன்றாம் பக்கம். தலைவர் கேட்கிறார், "இது எடுத்தபடியே இருக்குன்னுதானே சொல்லியிருக்கீங்க? யாராவது தொட்டாங்களா?" பிலோமினா என் முழங்கையைப் பிடித்தபடியே முன்னால் ஒரு எட்டு வைக்கிறாள், "இல்லைங்கய்யா, எங்கப்பா அதை யாரையும் தொடவே விடல, குடுத்தது குடுத்தபடி..." இன்னும் இரண்டு சொல் போனால் அவளும் கையெழுத்துப் போட்ட மாதிரி. "நான் கழுவிட்டேன்யா" என்கிறேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. "என்னது?" "நான்தான் கழுவினேன். எம்மகளுக்குத் தெரியாது. வக்கீலம்மாவுக்கும் தெரியாது." "எதை வச்சுக் கழுவினீங்க?" "புளி, சாம்பல். முதுகுல ஒட்டுனத ஆணிய வச்சு எடுத்தேன்." "ஆணியா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத் திருப்பிச் சொல்கிறார், நிபுணர் தம்பி எழுதிக்கொள்கிறார், கீறல்களுக்கெல்லாம் அவருக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். "ஏன் பெரியவரே?" ஏன். அந்த மையை, அந்த நாற்றத்தை, குழாயடியில் வழிந்து முருங்கை மரத்து வேருக்குப் போன எனக்குள் இருந்த அழுக்கை. "அழுக்கா இருந்துச்சுய்யா" என்கிறேன். முழங்கையில் இருந்த கை இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை, எண்ணவில்லை, அதை மட்டும் நான் எண்ணத் தவறிவிட்டேன். பிடிமானம் இல்லாமல் நிற்கிறேன். தட்டச்சுப் பெண் தலையைத் தூக்கிக் கேட்கிறாள், "எத்தனை தடவை கழுவினீங்கன்னு சொல்லுங்க, பதியணும்." மூன்று என்று சொல்ல வருகிறது, கரி பூசிய அன்றைக்கு ஒரு மூன்று, அதையும் மறைத்தால் கணக்கு தப்பாகிவிடும். "ஆறு தண்ணி" என்கிறேன். "ஆறா?" "ஆறு." அவள் தட்டுகிறாள். எட்டிப் பார்க்கிறேன், சரியாகத்தான் பதிந்திருக்கிறது.